மனசைத் திருத்துவதா, சீட்டைத் திருத்துவதா?

எங்கள் பள்ளியில் அடுத்த வருட ஆசிரியர் பயிற்சிக்கென்று ஒதுக்கியிருப்பது மொத்தம் மூன்று நாள். அந்த மூன்று நாளில் இனப் பாகுபாடு பற்றி ஆசிரியர்களை எப்படிப் பேசவைப்பது, எதை வைத்துப் பேசவைப்பது என்று முடிவு செய்ய ஏழு பேர் கமிட்டி ஒன்று போட்டார்கள், அதில் நானும் ஒருத்தி. கலிஃபோர்னியாவில் ஒரு மிடில் ஸ்கூல். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, நான் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். என்னை ஏன் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்காரரும் இல்லை, கறுப்பினத்தவரும் இல்லை, அதனால் இவள் என்ன சொன்னாலும் இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளாது என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் ஒரு வெள்ளை ஆசிரியர் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை, நம்ம ஊர்க்காரப் பெற்றோர் ஒருவர் பார்க்கிங்கில் நிறுத்தி "நமக்கு எதுக்குங்க இந்த வம்பு" என்று கேட்டார். அது தனிக் கதை.

இங்கே பள்ளிகளில் வேலை செய்கிற தமிழர்களும், பெற்றோர் கமிட்டிகளில் உட்காருகிற தமிழர்களும் இப்போது நிறைய. உங்கள் மேசைக்கும் இதே கேள்வி வரும் என்பதால், நாங்கள் நான்கு மாதம் அலசிய வழிகளை எழுதிவைக்கிறேன். என் கட்சி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுநிலை மாதிரி நடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்: மனசில் தொடங்காதீர்கள், சீட்டில் தொடங்குங்கள். எந்தச் சீட்டு என்றால், ஒரு பிள்ளையை வகுப்பை விட்டு ஆபீஸுக்கு அனுப்பும்போது டீச்சர் எழுதித் தருகிற ரெஃபரல். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் நிரப்புகிறோம், வாயில் மட்டும் இன்னும் சீட்டு என்றே வருகிறது.

பிரச்சினையே இருக்கிறதா என்று கேட்பவர்களுக்காக இரண்டு எண்கள். 2017-18ஆம் கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 15 சதவீதம். பள்ளியை விட்டு வெளியே சஸ்பெண்ட் ஆனவர்களில் அவர்கள் 38 சதவீதம். கல்வித்துறையே எடுத்த கணக்கு இது. வறுமைதான் காரணம், நிறம் இல்லை என்பார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2018இல் இதைத் தோண்டிப் பார்த்தது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியோ வசதியான பள்ளியோ, எல்லா இடத்திலும் அதே இடைவெளி. ஆசிரியர்கள் பக்கம் பார்த்தால் பத்தில் எட்டுப் பேர் வெள்ளையர், ஆனால் மாணவர்களில் வெள்ளையர் பாதிக்கும் குறைவு. இதுவும் தானாக அமைந்ததில்லை. நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954இல் பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்த பிறகு, தெற்கு மாநிலங்கள் கறுப்பினப் பள்ளிகளை ஒவ்வொன்றாக மூடி, பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிகளுக்கு அனுப்பின. பிள்ளைகள் மட்டும்தான் போனார்கள். அவர்களுக்குப் பாடம் சொன்ன கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஒருநாள் வொர்க்‌ஷாப். வெளியிலிருந்து ஒரு நிபுணர் வருவார், காலையில் காபி, ஸ்லைடு, அப்புறம் எல்லோரும் லேப்டாப்பைத் திறந்து உள்மனச் சாய்வைக் கண்டுபிடிக்கும் ஒரு டெஸ்ட் எழுதுவோம். 1998இல் வெளிவந்த டெஸ்ட் அது, ஹார்வர்டு பல்கலைக்கழகத் தளத்தில் யார் வேண்டுமானாலும் எழுதிப் பார்க்கலாம். திரையில் வரும் கறுப்பின, வெள்ளை முகங்களையும் நல்ல சொல், கெட்ட சொல் என்பவற்றையும் இரண்டே விசைகளை வைத்து வேகமாகப் பிரிக்க வேண்டும், எந்த ஜோடியில் கை தயங்குகிறது என்று கணக்கெடுத்து உங்களுக்கு இவ்வளவு சாய்வு என்று சொல்லும். வேலை மாறுவதற்கு முன்பிருந்த பள்ளியில் நானும் எழுதினேன். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் "எனக்கு மிதமான சாய்வாம், உனக்கு?" என்று ராசிபலன் மாதிரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். கிளி எடுத்துத் தந்த சீட்டுக்கும் அதற்கும் அன்றைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஆள் இன்றைக்கு ஒரு தரம், இரண்டு வாரம் கழித்து ஒரு தரம் எழுதினால் முடிவு மாறிவரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த டெஸ்டைப் படைத்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள், அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அதை வைத்து ஒரே நாளில் ஆசிரியரை மாற்றிவிடலாம் என்று விற்பதுதான் சிக்கல். கால்வின் லாய் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2016இல், சாய்வைக் குறைப்பதில் உடனடியாகப் பலன் தருகின்றன என்று தெரிந்த ஒன்பது முறைகளை எடுத்து, சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரை விட்டு மறுபடி அளந்தார்கள். ஒன்பதின் பலனும் கரைந்துபோயிருந்தது. 2019இல் வேறொரு குழு ஏறக்குறைய 500 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. டெஸ்டில் வரும் எண் நகர்ந்தாலும், அதோடு சேர்ந்து ஆளின் நடத்தையும் நகர்கிறது என்று சொல்ல முடியவில்லை. எங்களுக்கு வந்த கொட்டேஷனோ அந்த வருடப் பயிற்சிப் பணத்தில் பாதிக்கு மேல் சாப்பிடும்.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. அந்த பழைய வொர்க்‌ஷாப்பில் பயிற்சியாளர் "உங்கள் அனுபவத்தைப் பகிர விரும்புகிறவர்கள் பேசலாம்" என்றார். நாற்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின. அந்தப் பக்கம் அறையின் ஒரே கறுப்பின ஆசிரியை உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, பார்க்க மட்டும் செய்தோம். நானும்தான்.

வொர்க்‌ஷாப்பில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டென்றால் அது பத்து நிமிட விஷயம். யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்லியம் குழு 2016இல் செய்த சோதனையை எடுத்துச் சொன்னாலே போதும். மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வீடியோ காட்டினார்கள், அதில் நான்கு குழந்தைகள்: கறுப்பினப் பையன், பெண், வெள்ளைப் பையன், பெண். யார் சேட்டை செய்யப்போகிறார்கள் என்று கவனியுங்கள் என்றார்கள். கண் எங்கே போகிறது என்பதை ஒரு கருவி பதிவு செய்தது. வீடியோவில் யாருமே சேட்டை செய்யவில்லை, எல்லாம் நடிக்க வந்த பிள்ளைகள். ஆசிரியர்களின் கண் அதிக நேரம் நின்றது கறுப்பினப் பையன் மேல். தேடுகிற இடத்தில்தானே கிடைக்கும்.

இரண்டாவது வழி, ஆசிரியர்களே மாதம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து பேசுவது. இதில் பழையது சீட் (SEED) என்ற திட்டம், வெல்ஸ்லி கல்லூரியின் மகளிர் ஆய்வு மையத்தில் பெகி மெக்கின்டாஷ் 1987இல் தொடங்கியது. வெளியாள் வருவதில்லை. அந்தந்தப் பள்ளியிலிருந்து ஓரிருவர் கோடை விடுமுறையில் போய்ப் பயிற்சி எடுத்துவந்து, வருடம் முழுக்கத் தங்கள் சகாக்களின் வட்டத்தை நடத்துகிறார்கள். எனக்கு இது பிடிக்கும். வருடம் முழுக்கப் பார்த்த முகங்களிடம்தான் மனுஷன் கொஞ்சமாவது உண்மை பேசுவான். ஆனால் இரண்டு ஓட்டை இருக்கிறது. விருப்பமிருந்தால் வாருங்கள் என்றால், வரவேண்டியவர் வரமாட்டார், ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களே வந்து ஒருவருக்கொருவர் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கட்டாயம் என்றால் வாயே திறக்கமாட்டார்கள், அல்லது "நான் நிறமே பார்ப்பதில்லை" என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்வார்கள்.

இந்த வரியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். "நாங்க சாதியெல்லாம் பார்க்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் "தம்பி எந்தத் தெரு?" என்று கேட்கிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். தெருதானே கேட்டேன் என்பார். இங்கே வந்தும் வீடு வாங்கும்போது "அந்த ஸ்கூல்ல எந்த மாதிரிப் பசங்க?" என்று கேட்கிறோமே, அதுவும் அதே தெருக் கேள்விதான், விமானம் ஏறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வரி வரும்போது வட்டத்தை நடத்துகிறவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாதாடினால் போச்சு, மற்றவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வேடிக்கை பார்ப்பார்கள். எங்கள் கமிட்டியில் இதில் கைதேர்ந்த ஒருவர் கேட்கிற கேள்வி இது: "கடைசியாக எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நல்ல செய்தி சொல்ல போன் செய்தீர்கள்? அதற்கு முன்னால்? அதற்கும் முன்னால்?" ஐந்து பெயர் சொல்லி முடிப்பதற்குள் ஆளே அமைதியாகிவிடுவார். யாரையும் குற்றம் சொல்லவில்லை, பெயர்கள்தான் கேட்டோம். அப்புறம் சில விதிகள் உண்டு: தன் அனுபவத்தை மட்டும் பேச வேண்டும், யாரையும் அவர் இனத்தின் பிரதிநிதியாக்கக் கூடாது, பேசாமல் இருப்பதற்கும் உரிமை உண்டு, முடிவு எட்டாமலே மணியடித்தால் அப்படியே எழுந்து போகலாம். கடைசி விதிதான் கஷ்டம். கணக்கு டீச்சருக்கு விடை வராமல் எழுந்திருக்க வராது.

மூன்றாவது, என் கட்சி. போன வருட ரெஃபரல்களைக் கையில் எடுத்து உட்காருவது.

இதற்கு வேர் ரசல் ஸ்கிபா என்பவரின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. வெள்ளைப் பிள்ளைகள் ஆபீஸுக்குப் போனது சிகரெட் பிடித்தது, பொருளை உடைத்தது, சொல்லாமல் வெளியேறியது மாதிரிக் காரணங்களுக்கு. கறுப்பினப் பிள்ளைகள் போனது மரியாதை இல்லை, சத்தம் அதிகம், மிரட்டுகிற மாதிரி இருந்தான் என்ற காரணங்களுக்கு. முதல் வகையை ஒரு கேமரா வைத்தே பிடித்துவிடலாம். இரண்டாவது வகையைப் பிடிக்க டீச்சரின் கண்ணும் காதும் வேண்டும், இடைவெளி புகுவது அந்தக் கண் வழியாகத்தான். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் மெக்கின்டாஷ் குழு இதை இன்னும் நுணுக்கமாக்கியது: எந்த நேரம், எந்த இடம், எந்த மாதிரிக் குற்றச்சாட்டு என்று பார்த்தால் சாய்வு நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது, சில கணங்களில்தான் குவியும். களைப்பு, பசி, அவசரம், மங்கலான குற்றச்சாட்டு எல்லாம் சேருகிற கணங்கள்.

கமிட்டியில் நாங்கள் ஏழு பேரும் முதலில் எங்கள் மேலேயே சோதித்துப் பார்த்தோம். ஒவ்வொருவரின் சீட்டுகளையும் பிரிண்ட் எடுத்து, மூடிய கவரில், அவரவர் கையில் மட்டும். கேமரா பிடிப்பது ஒரு குவியல், என் கண் பிடித்தது ஒரு குவியல் என்று பிரிக்க வேண்டும். என் கவரில் பதினொன்று இருந்தன. எட்டு இரண்டாவது குவியலுக்குப் போயின. அந்த எட்டில் ஆறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஆறாவது பீரியட். அந்த ஆறும் கறுப்பினப் பையன்கள் மேல் எழுதியவை, முப்பத்தொரு பேர் வகுப்பில் அவர்கள் மொத்தமே ஐந்து பேர். ஒரு சீட்டை மட்டும் சொல்கிறேன். நான் டைப் செய்திருந்தது: "மறுபடியும். பேசும் தொனியில் மரியாதை இல்லை." வேறு ஒன்றுமே இல்லை. என்ன சொன்னான் என்று எழுதவில்லை, யோசித்தால் ஞாபகமும் வரவில்லை. அதே வாரம், அதே பீரியடில், இன்னொரு பையன் பென்சில் பாக்ஸைச் சுவரில் எறிந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவனுக்குச் சீட்டே இல்லை. அவன் அம்மாவை எனக்குத் தெரியும், பொங்கல் விழாவில் சேர்ந்து சமைத்திருக்கிறோம், வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி முடித்துவிட்டேன்.

"மறுபடியும்" என்ற அந்தச் சொல்லுக்கும் ஆராய்ச்சி இருக்கிறது என்பது அடுத்த வாரம் தெரிந்தது. ஜேசன் ஒகோனோஃபுவாவும் ஜெனிஃபர் எபர்ஹார்ட்டும் 2015இல் ஆசிரியர்களிடம் ஒரு மாணவனின் இரண்டு சின்னச் சின்னத் தவறுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். தவறு ஒன்றுதான், பெயர் மட்டும் சிலருக்குக் கறுப்பினப் பையன் பெயர், சிலருக்கு வெள்ளைப் பையன் பெயர். முதல் தவறில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவதில்தான், கறுப்பினப் பெயர் இருந்தால் கடுமையான தண்டனை, இவன் இப்படித்தான் என்ற முத்திரை. என் எட்டுச் சீட்டில் நான்கு அந்தச் சொல்லில் தொடங்கியிருந்தன.

டெஸ்ட் எழுதியபோது எனக்கு வராத ஒன்று இந்தக் கவரைப் பிரித்தபோது வந்தது. அந்த டெஸ்டோடு சண்டை போடலாம், கீபோர்டு சரியில்லை என்று சொல்லலாம். நானே டைப் செய்ததோடு எப்படிச் சண்டை போடுவது?

இதற்கும் ஆபத்து இருக்கிறது, மறைக்கவில்லை. பத்துப் பதினைந்து கறுப்பினப் பிள்ளைகளே இருக்கிற பள்ளியில் எண்களை வெளியே சொன்னால் எந்தப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். இதைவிட மோசம், பிரின்சிபல் இந்தக் கணக்கை ஆசிரியரின் வருடாந்திர மதிப்பீட்டில் சேர்ப்பது. அன்றைக்கே சீட்டு எழுதுவது நின்றுவிடும், பிள்ளை மட்டும் காரிடாரில் நிற்கும். கலிஃபோர்னியாவில் வேண்டுமென்றே பணிய மறுத்தான் என்ற காரணத்துக்காக சஸ்பெண்ட் செய்வதை நான்கிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 2020இலும், ஹைஸ்கூலில் 2024 ஜூலையிலும் நிறுத்திவிட்டார்கள். நல்ல சட்டம். ஆனால் சஸ்பெண்ட் எண் இறங்கியது என்பதும் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்பதும் ஒன்றில்லை, காரிடாரில் கழிந்த நாற்பது நிமிடத்துக்கு எந்தச் சீட்டும் இல்லை.

நான்காவது வழி, கேட்டால் நம்பமாட்டீர்கள், இனம் என்ற சொல்லே வராத பயிற்சி. அதே ஒகோனோஃபுவா குழு 2016இல் ஐந்து மிடில் ஸ்கூல்களில் 31 கணக்கு ஆசிரியர்களிடம் செய்தது. (கணக்கு ஆசிரியர்கள்தான், எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது.) 45 நிமிடம் ஒரு தரம், 25 நிமிடம் ஒரு தரம், ஆன்லைனில். பிள்ளை ஏன் முரண்டு பிடிக்கிறது, தண்டிப்பதற்கு முன்னால் அது என்ன நினைக்கிறது என்று கேட்டால் என்ன ஆகும் என்பது பற்றிய கட்டுரைகளைப் படித்துவிட்டு, தாங்கள் எப்படி நடந்துகொள்வோம் என்று ஆசிரியர்கள் எழுத வேண்டும். அவ்வளவுதான். அந்த வருடம் இந்தப் பயிற்சி எடுக்காத ஆசிரியர்களின் மாணவர்களில் 9.6 சதவீதம் பேர் சஸ்பெண்ட் ஆனார்கள், எடுத்தவர்களின் மாணவர்களில் 4.8 சதவீதம். சரிபாதி.

டெக்சஸ், டென்னசி, ஓக்லஹோமா மாநிலங்களில் 2021இலிருந்தும் ஃப்ளோரிடாவில் 2022இலிருந்தும் பள்ளியில் இனம் பற்றி என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்று சட்டங்கள் இருக்கின்றன. 2025 ஜனவரியில் ட்ரம்ப் கையெழுத்திட்ட ஆணையும் இதே திசையில்தான். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கிற நம்மவர்கள் இந்த நான்காவது வழியில் தொடங்குவதுதான் நடைமுறை, அதையும் பள்ளி மாவட்டத்தின் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. எங்களைப் போலப் பேச இடமிருக்கிற ஊரில் இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. இரக்கம் வந்தது, சரி, யார் மேல் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்க வேண்டாமா?

தண்டிக்காமல் பிள்ளைகளையும் ஆசிரியரையும் வட்டமாக உட்காரவைத்துத் தீர்க்கிற முறையையும் ஒருவர் கொண்டுவந்தார். பிட்ஸ்பர்க்கில் 44 பள்ளிகளில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் இதை அளந்து 2018இல் வெளியிட்டது. சஸ்பென்ஷன் குறைந்தது, இன இடைவெளியும் குறைந்தது, ஆனால் மிடில் ஸ்கூல் வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண் சரிந்தது. நாங்கள் மிடில் ஸ்கூல். மூன்று நாளில் கற்றுக்கொள்கிற வேலையும் இல்லை அது. தள்ளிவைத்தோம்.

கமிட்டியில் இருவர் கடைசி வரை வொர்க்‌ஷாப்புக்கே நின்றார்கள். மாவட்ட அலுவலகம் கேட்டால் காட்ட ஒரு தேதியும் கையெழுத்துப் போட்ட தாளும் இருக்கும் என்பதுதான் உண்மைக் காரணம், ஆனால் அவர்கள் சொன்னது "மனசு மாறாமல் எதுவும் மாறாது". அதற்கு நான் எடுத்துவைத்தது ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டி. அங்கே திறமை மிக்க பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்த பிள்ளைகளைத்தான் சோதிப்பார்கள். 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் சோதிப்பது என்று மாற்றினார்கள். கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளின் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. பிறகு பணம் இல்லையென்று அந்தச் சோதனையை நிறுத்தியதும் இறங்கிவிட்டது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஆசிரியர்களின் மனசு அதேதான். மாறியது யார் பரிந்துரைப்பது என்ற நடைமுறை மட்டும்.

வாக்கெடுப்பு ஐந்துக்கு இரண்டு. ஆகஸ்டில் முதல் நாள் யேல் சோதனை பத்து நிமிடம், மீதி நேரம் கவர். கவரில் இருப்பதை யாரும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, பிரின்சிபலுக்கும் போகாது, பள்ளி மொத்தத்துக்கான கூட்டுத்தொகை மட்டும் சுவரில். இரண்டாம் நாள் எழுபது நிமிடம் அந்த நான்காவது வழிப் பயிற்சி, மதியம் ரெஃபரல் படிவத்தை எல்லோரும் சேர்ந்து திருத்துவது. மூன்றாவது நாளை மணி மணியாக உடைத்து மாதாந்திர வட்டங்களாக்கினோம், நடத்துகிற இருவருக்குக் கூடுதல் சம்பளம் உண்டு. அந்த இருவரில் ஒருவராக எங்கள் பள்ளியின் கறுப்பின ஆசிரியையைச் சிலர் முன்மொழிந்தார்கள். எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். தன் கதையை இன்னொரு வருடமும் நாற்பது பேருக்குப் பாடமாக ஆக்கப்போவதில்லை என்று மறுத்துவிட்டார். "கவர் மட்டும் எனக்கும் கொடுங்கள்" என்றார், "என்னிடமும் எட்டு இருக்கும்."

புதுப் படிவத்தை மார்ச்சிலிருந்து நாங்கள் ஏழு பேரும் ஒத்திகை பார்க்கிறோம். "மரியாதையின்மை", "பணிய மறுத்தல்" என்று தேர்ந்தெடுக்கிற பட்டியலே இல்லை. இரண்டு பெட்டிகள்தான்: என்ன பார்த்தீர்கள், உங்கள் காதில் என்ன விழுந்தது. போன செவ்வாய் ஆறாவது பீரியடில் அதே பையன், தொனிக்குச் சீட்டு வாங்கியவன். படிவத்தைத் திறந்து டைப் செய்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "இதெல்லாம் எனக்கு எதுக்கு" என்றான். எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஆபீஸுக்கு அனுப்புகிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை, மூடிவிட்டேன். புதன்கிழமை இன்னொருவன் ஸ்டூலைத் தூக்கி எறிந்தான், பக்கத்துப் பெண் மேல் படாமல் தப்பியது. அதற்கு எழுதி அனுப்பினேன். பெட்டியில் ஒரு வரி போதுமாக இருந்தது.